சந்தையும் சமையலறையும்

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் பாதையில் அமைந்த ஒட்டன்சத்திரம், தமிழகத்தின் பெரிய காய்கறிச் சந்தைகளுள் ஒன்றை உடையது என்பதை நம்மிற் பலரும் அறிவர். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து முருங்கையும் தக்காளியும் கத்தரியும் வெண்டையும் அங்கு வந்து குவிகின்றன. அவற்றுள் பெரும்பகுதி லாரிகளில் ஏறிக் கேரளத்திற்குச் செல்கின்றது. தெற்கே உயர்ந்து நிற்கும் பழனி மலைகளோ காரட்டும் பீன்ஸும் வாழையும் அளிக்கின்றன. இத்துணை வளம் சூழ்ந்திருந்தும், நம் இலையில் அதன் பங்கு எவ்வளவு? வெண்சோறு நடுவில் குன்றென நிற்க, காய்கறி ஊறுகாயைப்போல ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கின்றது.

இக்குறை இன்று தோன்றியதன்று. 1918-ஆம் ஆண்டில், குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயைக் குறித்த ஆராய்ச்சியைத் தொடங்கினார். பின்னர் அவர், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை வெவ்வேறு எலிக்கூட்டங்களுக்கு அளித்துப் பார்த்தார். முழுக்கோதுமை, பால், பருப்பு, காய்கறி முதலியன அடங்கிய சீக்கியர் உணவை உண்டவை செழித்து வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவை உண்டவை எடையில் யாவற்றினும் குறைந்து நின்றன. அவ்வாராய்ச்சிக் கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என விளங்குகின்றது. நாள்தோறும் ஒருவர் காய்கறியும் கீரையுமாக ஏறக்குறைய 400 கிராம் உண்ணல் வேண்டும் என்பது, 2024-இல் அந்நிறுவனம் வெளியிட்ட நெறிகளுள் ஒன்று.

இதனைப் புறக்கணிப்பதால் விளையும் கேடு சிறிதன்று. 2019-21 ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர். சோர்வும் மூச்சிரைப்பும் படிப்பில் ஊக்கமின்மையும் இதன் பயன்கள்; கருவுற்ற தாய்மார்க்கோ உயிருக்கே ஆபத்து நேரலாம். நோய் முற்றியவர் மருத்துவரை நாடுதல் வேண்டும். ஆயினும் அது வராமற் காப்பதில் உணவுக்குப் பெரும்பங்கு உண்டு.

அவ்வுணவு விலையுயர்ந்ததாக இருக்கவேண்டும் என்பதில்லை. காயை விற்று மிஞ்சும் முருங்கையின் இலையையே எடுத்துக்கொள்வோம். 100 கிராம் முருங்கைக்கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச்சத்து உண்டு. அதே எடையுள்ள பசும்பாலில் இருப்பது ஏறக்குறைய 120 மில்லிகிராமே. மாலைக்கண் நோயைத் தடுக்கும் ஏ உயிர்ச்சத்தாக உடலில் மாறக்கூடிய பொருளும், இரும்புச்சத்தும் அக்கீரையில் உள. ஏழையின் உணவென்று இகழப்படும் கேழ்வரகும் சுண்ணாம்புச்சத்திற் பாலை விஞ்சுவதாகும். அரிசியையும் பருப்பையும் சேர்த்து உண்ணும்போது, ஒன்றன் புரதத்திலுள்ள குறையை மற்றொன்று நிறைவு செய்கின்றது. நம் இட்லியும் பொங்கலும் இவ்வகையிற் சிறந்த உணவுகளே.

நல்ல பொருளை வாங்கினாற் போதாது. சமைக்கும் முறையும் அறிதல் வேண்டும். காய்களையும் கீரையையும் கழுவிய பின்னரே நறுக்குக. சிறிதளவு நீரில், பாத்திரத்தை மூடி, குழையாமல் வேகவிடுக. நீரிற் கரையும் உயிர்ச்சத்துகள் இதனால் வீணாகா. கீரையுடன் சிறிது எண்ணெய் சேர்ப்பின் ஏ உயிர்ச்சத்தும், எலுமிச்சைச்சாறு பிழியின் இரும்புச்சத்தும் உடலில் நன்கு சேரும். உணவோடு தேநீரோ காப்பியோ அருந்துவது இரும்பைச் சேரவொட்டாமல் தடுக்குமாதலின், ஒரு மணி நேரமேனும் கழித்து அருந்துக. அரிசியிற் புழுங்கலைத் தெரிந்துகொள்க. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி உயிர்ச்சத்தின் ஒரு பகுதி மணியினுள் இறங்கிவிடுகின்றது. பன்முறை களைந்தும் கஞ்சியை வடித்துக் கொட்டியும் அதனை இழத்தல் அறிவுடைமையாகாது.

மாணவ நண்பர்களே! இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டா. சோற்றில் ஒரு கரண்டி குறைத்துக் காயில் ஒரு கரண்டி கூட்டுங்கள். வாரத்தில் மும்முறையேனும் கீரை வேண்டுமென்று வீட்டிலும் விடுதியிலும் கேளுங்கள். இனிப்புப் பண்டத்திற்குப் பதில் ஒரு மலைவாழைப்பழமோ ஒரு பிடி வேர்க்கடலையோ உண்ணுங்கள். வீட்டில் அன்னைக்கும் தங்கைக்கும் அக்காயும் கீரையும் எஞ்சுகின்றனவா என்றும் பாருங்கள். இறுதியில் உண்பவர்க்கு வெறுஞ்சோறே மிஞ்சும் வழக்கம் மாறாதவரை, சந்தையில் எத்துணை லாரி நிறைந்தும் நம் இல்லங்களில் இரத்தசோகை குறையாது.