காடும் கணக்கும் – 14: கொம்பில் எட்டில் ஓர் அங்குலம்

கைபாப் மேட்டில் பூமாக்களையும் ஓநாய்களையும் ஒழித்துக்கட்டிய பிறகு மான்கள் பெருகி, தின்ன இலையில்லாமல் மடிந்த கதை சென்ற வாரத்தோடு முடிந்தது. இந்த வாரம் பென்சில்வேனியாவின் கொம்பு விதி என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் ஜேம்ஸ் ஜோர்டானைச் சொல்லியாக வேண்டும். சில நாட்களாக மனசு முழுக்க அவர்தான்.

1914 நவம்பர். விஸ்கான்சின் மாநிலத்தில் டான்பரி என்ற ஊருக்குப் பக்கத்தில், யெல்லோ ஆற்றங்கரையில் ஒரு வெள்ளைவால் மானைச் சுட்டார் ஜோர்டான். பாடம் செய்து தருகிறேன் என்ற ஒருவரிடம் தலையைக் கொடுத்தார். அந்த ஆள் வேறு ஊருக்குக் குடிபோனார். கொம்பும் அவரோடு போயிற்று. பல பத்தாண்டுகள் கழித்து மின்னசோட்டாவின் சாண்ட்ஸ்டோனில், பழைய சாமான் விற்கிற இடத்தில், ஜோர்டானின் உறவுக்காரர் ஒருவர் பெரிய கொம்பு ஒன்றை 3 டாலருக்கு வாங்கினார். ஜோர்டான் பார்த்தவுடனே தன் மான் என்று அடையாளம் சொல்லிவிட்டார். நம்பத்தான் ஆளில்லை. 1971இல் அந்தக் கொம்பு 206 1/8 புள்ளியோடு உலக சாதனை ஆனபோதும் சுட்டவர் யாரென்று பதிவில் இல்லை. 1978 டிசம்பரில்தான், சாதனைப் பதிவேட்டை வைத்திருக்கும் பூன் அண்ட் கிராக்கெட் கழகம் ஜோர்டான் பெயரை ஏற்றது. அதற்கு இரண்டு மாதம் முன்பே அவர் காலமாகிவிட்டார். அந்தச் சாதனையை 1993இல் கனடாவின் சஸ்காட்செவனில் மிலோ ஹான்சன் முறியடித்தார்: 213 5/8.

அந்த எட்டில் ஒரு பங்கு எப்படி வருகிறது? பூன் அண்ட் கிராக்கெட், தியடோர் ரூஸ்வெல்ட் முன்னின்று 1887இல் தொடங்கிய கழகம். அதன் இப்போதுள்ள அளவுமுறை 1950இல் வந்தது. கொம்பை 60 நாள் காயவிடுவார்கள். ஈரம் வற்றச் சுருங்கும் என்பதால் அதற்குமுன் எடுக்கும் அளவு செல்லாது. பிறகு எஃகு நாடாவால் இரண்டு தண்டுகளின் நீளம், நடுவிலுள்ள அகலம், ஒவ்வொரு கிளையின் உயரம், தண்டில் நான்கு இடங்களில் சுற்றளவு என்று எட்டில் ஓர் அங்குலம்வரை எடுப்பார்கள். ஓர் அங்குலம்கூட இல்லாத மொட்டு, கிளையாகச் சேராது. இடப்பக்கமும் வலப்பக்கமும் எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவும் கழிவு; மீதி அங்குலம்தான் புள்ளி.

இத்தனைக்கும் அது ஆண்டுதோறும் உதிர்கிற எலும்பு. வசந்தத்தில் மெத்தென்ற தோல் போர்த்தி முளைக்கும். கோடை முடிவதற்குள் முழு அளவுக்கு வளரும். தோலை மரத்தில் உரசிக் கழித்துவிட்டு, அந்தக் கொம்போடு பெண்மானுக்காகச் சண்டை போட்டு, குளிர்காலத்தில் கீழே போட்டுவிடும். பெரிய கொம்புக்கு வம்சம் வேண்டும், தீனி வேண்டும், வயது வேண்டும். ஐந்தாறு வயதில்தான் கொம்பு உச்சத்துக்கு வரும். அந்த வயதுவரை சுடாமல் விடுவது வேட்டைக்காரர் கையில் இருக்கிறது. கொம்புக்காகவே வேட்டையாடும் டிராஃபி வேட்டைக்காரர் கொம்பு சிறிதாயிருந்தால் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொள்வது அதனால்தான்.

கறிக்காகப் போகிறவருக்கு இந்தக் கவலை கிடையாது. கொம்பைச் சமைத்துத் தின்ன முடியாது என்பது அமெரிக்க வேட்டைக்காரர் வாயில் பழமொழி மாதிரி புழங்குகிறது. வளர்ந்த ஒரு பெண்மானை உரித்து எலும்பு நீக்கினால் சுமார் 20 கிலோ கறி தேறும். முதுகெலும்பின் இருபுறமும் நீளவாக்கில் ஓடும் சதையை முதலில் அறுத்துத் தனியாக எடுத்து வைப்பார்கள். மிருதுவான கறி அது. தோள், கழுத்துக் கறியை அரைத்துப் பன்றிக் கொழுப்பு கலந்து சாசேஜ் போடுவார்கள். மீதி உறைபெட்டிக்குப் போகும். விற்க மட்டும் கூடாது. சந்தைக்குக் கறி வேண்டுமென்று சுட்டுத் தள்ளியே 19ஆம் நூற்றாண்டின் முடிவில் வெள்ளைவால் மானைச் சில லட்சங்களுக்குக் குறைத்துவிட்டார்கள். இன்று கோடிக்கணக்கில் இருக்கின்றன.

அந்த மீட்சிக்காக எழுந்ததுதான் 1907இல் பென்சில்வேனியா போட்ட சட்டம்: கொம்புள்ள மானை மட்டும் சுடு, பெண்மானைத் தொடாதே. நல்ல சட்டம், அந்தக் காலத்துக்கு. ஓர் ஆண்மான் பல பெண்மான்களோடு சேரும். ஆண்கள் குறைந்தாலும் குட்டிகள் குறைவதில்லை. தீனி நன்றாயிருந்தால் பெண்மான் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். மந்தை பெருகியது; காட்டின் மரக்கன்றுகளையெல்லாம் மேய்ந்து தீர்த்தது. ஆனால் பெண்மானைச் சுடுவது பாவம் என்று தாத்தாவிடம் கற்ற பேரன்கள், அதைச் சுடச் சொன்ன அதிகாரிகளைப் பகையாளியாகப் பார்த்தார்கள்.

கரடி ஆய்வாளராகப் பேர் வாங்கிய கேரி ஆல்ட் மான் துறைக்கு வந்த பிறகு, 2002இல் கொம்பு விதி வந்தது: பெரும்பாலான மாவட்டங்களில் ஒரு பக்கம் மூன்று கிளை, மேற்கே சில இடங்களில் நான்கு கிளை இருந்தால்தான் ஆண்மானைச் சுடலாம். அதுவரை சுடப்பட்ட ஆண்களில் பெரும்பாலானவை ஒன்றரை வயதானவை. கூடவே பெண்மான் வேட்டையையும் கூட்டினார்கள். விஸ்கான்சின் இன்னும் துணிந்தது: மான் மிகுந்த பகுதிகளில் முதலில் கொம்பில்லாத மான் ஒன்றைச் சுட்டுக் காட்டினால்தான் கொம்பனைச் சுட அனுமதி. 1996இல் தொடங்கிய இந்த விதியை வேட்டைக்காரர்கள் வெறுத்தார்கள். 2011இல் சட்டமே போட்டு நீக்கினார்கள்.

எனக்கு அந்த விதிமேல் பெரிய மதிப்பு உண்டு. கொம்புக்கு எட்டில் ஓர் அங்குலம்வரை கணக்கு வைத்திருக்கிறோம். ஜோர்டான் பெயரை 64 ஆண்டு கழித்தாவது பதிவில் ஏற்றியிருக்கிறோம். மந்தையின் எண்ணிக்கையை முடிவு செய்வதோ பெண்மான். உறைபெட்டிக்காகப் பெண்மானைச் சுட்டவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. காட்டில் கன்று தழைப்பது அவரால்தான். சுவரில் மாட்ட ஒன்று வேண்டுமானால் முதலில் காட்டுக்கு ஒன்று செய் என்று கேட்ட விதி அது.

பென்சில்வேனியாவில் ஆல்ட் பட்ட பாடு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போகிறது. அலிகெனி காட்டில் வேலி கட்டி, சதுர மைலுக்கு 10, 20, 40, 80 என்ற கணக்கில் மான்களை உள்ளே விட்டு, எந்தக் கணக்கில் எந்தச் செடி காணாமல் போகிறது என்று பத்தாண்டு பார்த்தார்கள். அந்த வேலிக்குள் போய்விட்டு ஆல்ட்டிடம் வருவோம்.