பிளை மாளிகையில் ஓர் ஆசிரியை

பேய்க் கதை சொல்லிப் பயமுறுத்துவது அப்படியொன்றும் அரிய வித்தை அல்ல. கதவு கிறீச்சிட்டு, விளக்கு அணைந்து, வெள்ளை உருவம் ஒன்று குறுக்கே ஓடிவிட்டால், கொட்டகையில் அமர்ந்திருப்போர் அனைவரும் ஒரு கணம் திடுக்கிடத்தான் செய்வார்கள். ஆனால் பட்டப்பகலில், ஏரியின் அக்கரையில், நாணற்புதர்களுக்கிடையே கறுப்பு உடை தரித்த ஒரு பெண்ணை அசையாமல் நிற்க வைத்து, அதைக் கொண்டே பார்ப்பவரின் நெஞ்சைச் சில்லிட வைத்துவிட்ட ஒரு படம் உண்டு. ஜாக் கிளேட்டன் இங்கிலாந்தில் இயக்கி 1961-இல் வெளிவந்த ‘தி இன்னசென்ட்ஸ்’ என்ற அந்தக் கறுப்பு வெள்ளைச் சித்திரத்துக்கு, மனோதத்துவத் திகில் படங்களில் இணை சொல்லத்தக்கவை மிகச் சிலவே.

ஹென்றி ஜேம்ஸ் 1898-இல் வெளியிட்ட ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’ என்ற குறுநாவலே இதற்கு மூலம். அதை நாடகமாக்கிய வில்லியம் ஆர்ச்சிபால்டும், புகழ்பெற்ற அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டியும் திரைக்கதை அமைத்தார்கள். கதை சுருக்கமானது. பாதிரியாரின் மகளான கிட்டன்ஸ் என்ற பெண், பிளை என்னும் கிராமத்து மாளிகையில் வாழும் ஃப்ளோரா, மைல்ஸ் என்ற இரு அநாதைக் குழந்தைகளுக்கு ஆசிரியையாக வருகிறாள். எக்காரணத்தைக் கொண்டும் தன்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது லண்டனில் உல்லாசமாகக் காலம் கழிக்கும் அவர்களுடைய சிற்றப்பனின் நிபந்தனை. முன்பு அங்கே பணியாளனாக இருந்து இறந்துபோன க்வின்டும், அவன் மோகத்தில் அழிந்து உயிரை மாய்த்துக்கொண்ட பழைய ஆசிரியை ஜெஸ்ஸலும், இந்தப் பிஞ்சு உள்ளங்களுக்குள் குடியேற முயல்கிறார்கள் என்று கிட்டன்ஸ் நம்பத் தொடங்குகிறாள். அவள் கண்டது ஆவியா, அன்றி அவளுடைய கட்டுண்ட மனம் ஈன்ற பிரமையா?

இந்தக் கேள்விக்கு விடை கூறாமலே கடைசிவரை கதையை நடத்திச் செல்வதுதான் கிளேட்டனின் சாதனை. உருவத்தை நமக்கு முதலில் காட்டாமல், அதைக் கண்டு வெளிறிப்போகும் ஆசிரியையின் முகத்தையே பெரும்பாலும் முதலில் காட்டி, அதன் பிறகே அவள் கண்டதைக் காட்டுகிறார். ஆகையால் நாம் காண்பது பிளை மாளிகையையா, அவள் மனத்தையா என்று நிச்சயிக்க வழியில்லாமல் போகிறது. அவள் தோட்டத்தில் வெள்ளை ரோஜாக்களைக் கத்தரித்துக்கொண்டிருக்கும் கட்டத்தைப் பாருங்கள். கற்சிலைக் குழந்தை ஒன்றின் வாயிலிருந்து வண்டு வெளியே ஊர்ந்து வருகிறது, அதுவரை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த பறவைகளின் ஒலி திடீரென்று அடங்கிவிடுகிறது, நிமிர்ந்து பார்க்கிறாள், கண்ணைக் கூசும் வெயிலில், கோபுரத்தின் உச்சியில் ஓர் ஆண் உருவம். பதறி மேலே ஏறிப் போனால், அங்கே மைல்ஸ் மட்டும் புறாக்களோடு விளையாடிக்கொண்டிருக்கிறான்.

பின்னர் அவள் ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால், இருளிலிருந்து மெல்ல மெல்ல நெருங்கி வரும் க்வின்டின் முகத்தைக் காண்கிறாள். ஆனால் அதற்குச் சற்று முன்னர்தான், பரண் அறையில் அவனுடைய உடைந்த சிறு படம் ஒன்று அவள் கைக்குக் கிடைத்திருந்தது. படத்தில் பார்த்த முகத்தைத்தான் பயம் கண்ணாடியில் வரைந்துவிட்டது என்று நாம் முடிவு கட்ட எத்தனிக்கும்போது, இயக்குநர் தராசின் மறு தட்டில் ஒன்றை வைக்கிறார். பாட அறையில் ஜெஸ்ஸல் மேஜையில் கவிழ்ந்து விம்முகிறாள். கிட்டன்ஸ் நெருங்கியதும் மறைந்துபோகிறாள். அவள் இருந்த இடத்தில், கறுத்த சிலேட்டின் மேல் ஒரு சொட்டுக் கண்ணீர். அதை விரலால் தொட்டுப் பார்க்கிறாள் கிட்டன்ஸ். ஈரம் உண்மை. அந்தச் சிறு ஈரத்தைக் காட்டிலும் பயங்கரமான ஒன்றை நான் எந்தப் படத்திலும் கண்டதில்லை.

சினிமாஸ்கோப் என்னும் அகலத் திரையில்தான் எடுக்க வேண்டும் என்று படக்கம்பெனி வற்புறுத்தியது. அந்தரங்கமான இந்தக் கதைக்கு அவ்வளவு அகலம் ஒவ்வாது. எனவே ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி பிரான்ஸிஸ், லென்ஸின் முன் வைக்கும் ஃபில்டர்களின் ஓரங்களில் வர்ணம் தீட்டித் திரையின் இரு பக்கங்களையும் இருட்டாக்கிவிட்டார். விளைவாக, மெழுகுவர்த்தியை ஏந்திக் கூடங்களில் அலையும் பெண்ணை இருபுறமும் இருள் வந்து நெருக்குவது போன்ற பிரமை உண்டாகிறது. ஒரே ஓர் இடத்தில், மைல்ஸ் சிரிக்கும்போது கண்ணாடிக்கு அப்பாலிருந்து க்வின்டும் கூடச் சிரிக்கும் கட்டத்தில், சூட்சுமம் கொஞ்சம் குறைந்து விஷயம் அளவுக்கு மீறி வெளிப்படையாகிவிட்டது என்பது என் எண்ணம்.

நடிப்பைப் பற்றிச் சொல்லப் புகுந்தால், டெபோரா கெர் அம்மையாரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். 1956-இல் ‘தி கிங் அண்ட் ஐ’ படத்தில் சயாம் அரசனின் குழந்தைகளுக்குக் கல்வி புகட்டிய அதே கனிவும், அதே நிமிர்ந்த நடையும் இங்கேயும் உண்டு. ஆனால் அந்த நற்குணமே இங்கே அஞ்சத்தக்கதாக மாறிவிடுகிறது. மூலத்தில் இருபது வயதினளாக வரும் பாத்திரத்தை நாற்பதை எட்டிய நடிகையிடம் ஒப்படைத்ததால், காலமெல்லாம் அடக்கிவைத்த ஆசைகளின் பாரம் அவளுடைய ஒவ்வோர் அசைவிலும் ஏறிவிட்டது. கவனித்துப் பார்த்தால், ஆவிகள் உண்டு என்று உறுதிப்பட்ட பிறகு அவள் கண்களில் தெரிவது அச்சம் மட்டுமல்ல, ஒருவிதமான உற்சாகம். குழந்தைகளைக் காக்க வந்தவளே அவர்களுக்கு ஆபத்தாக முடிவாளோ என்ற கலக்கம் நம் உள்ளத்தில் பிறப்பது அந்த ஒளியினால்தான்.

மைல்ஸாக வரும் மார்ட்டின் ஸ்டீபன்ஸும், ஃப்ளோராவாக அறிமுகமான பமீலா பிராங்க்ளினும் முழுத் திரைக்கதையையும் படித்ததில்லை. மறுநாள் படமாக்கவேண்டிய பக்கங்கள் மட்டும் முந்திய நாள் அவர்களுக்குத் தரப்பட்டன. கதையின் இருண்ட பகுதிகள் குழந்தைகளைத் தீண்டக் கூடாது என்று கிளேட்டன் கருதியது மனிதாபிமானம்; அதுவே நடிப்புக்கும் நன்மையாக முடிந்தது. காகிதக் கிரீடம் சூடி, கையில் மெழுகுவர்த்தியோடு, இறந்துபோன தலைவனை அழைக்கும் கவிதையை மைல்ஸ் ஒப்பிக்கும்போது, பையன் விளையாடுகிறானா, யாரையேனும் மெய்யாகவே கூப்பிடுகிறானா என்று அறிய முடியாமல் நாம் தவிக்கிறோம்.

டெபோரா கெர் ஆறு முறை சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டும், ஒரு முறையேனும் அதைப் பெற்றதில்லை; 1994-இல்தான் அவருக்கு ஒரு கௌரவப் பரிசு அளித்தார்கள். அந்த ஆறு படங்களில் ‘தி இன்னசென்ட்ஸ்’ இடம்பெறவில்லை. ஆறையும் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, சிலேட்டின் மேல் விரலை வைத்த அந்த ஒரு கட்டத்துக்காகவே பரிசு அவரைத் தேடி வந்திருக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.