முகச் சுருக்கத்துக்கு ஊசியா? குப்பியைப் பார்த்த பிறகு போடுங்கள்

கல்யாண சீசன் வந்துவிட்டால் அழகு நிலையங்களின் விலைப்பட்டியலில் ஃபேஷியல், த்ரெடிங் வரிசையிலேயே போடாக்ஸும் இடம்பிடித்துவிடுகிறது. சுருக்கத்தைப் போக்க ஊசி போட்டுக்கொள்வதும் வேண்டாம் என்று விடுவதும் அவரவர் விருப்பம். ஆனால், அது மருத்துவச் சிகிச்சை. ஃபேஷியலுக்குப் போவதுபோல அதற்குப் போய் உட்காரக் கூடாது.

உள்ளே போவது என்ன?

போடாக்ஸ் என்பது ஒரு பிராண்டின் பெயர். மருந்தின் பெயர் பாட்டுலினம் டாக்சின். ஒருவகை பாக்டீரியா உண்டாக்கும் நச்சு இது. கெட்டுப்போன டப்பா உணவின் வழியாக உடலுக்குள் போனால் உயிரையே பறிக்கும். இதை மிக நுண்ணிய அளவில் செலுத்தினால், நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளை தடைபட்டு, தசை தளர்ந்து, மேலே உள்ள தோலின் மடிப்பு மறைகிறது. புருவ மத்தியில் விழும் கோடுகளுக்கு போடாக்ஸின் வழக்கமான அளவு ஐந்து புள்ளிகளில் 4 யூனிட் வீதம் 20 யூனிட். சில நாட்களில் பலன் தெரியும். மூன்று, நான்கு மாதங்களில் மறைந்துவிடும். மறுபடியும் செலவு செய்தாக வேண்டும். முகம் சுளிக்கும்போது விழும் கோடுகளுக்குத்தான் இது உதவும். தொங்கிப்போன தோலை இறுக்காது.

ஃபில்லர் வேறு. அது பள்ளம் விழுந்த இடத்தை நிரப்பும் ஜெல். பெரும்பாலும் ஹயலுரோனிக் அமிலத்தால் ஆனது.

ஆபத்துகள்

ஊசி போட்ட இடத்தில் கன்றிப்போவதும் தலைவலியும் சில நாட்களில் சரியாகிவிடும். மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவினால் கண் இமை தொங்கிப்போய், சரியாக வாரக்கணக்கில் ஆகலாம். அரிதாக உடலில் பரவினால் விழுங்கவும் பேசவும் மூச்சுவிடவும் சிரமம் வரும். ஊசி போட்டுச் சில மணி நேரத்திலும் வரலாம், சில வாரங்கள் கழித்தும் வரலாம். ஃபில்லர் ரத்தக்குழாயை அடைத்துவிட்டால் தோல் அழுகலாம், பார்வையே பறிபோகலாம். கடும் வலி, தோல் வெளிறுதல், பார்வை மங்கல் இவற்றில் எது தெரிந்தாலும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள். ஹயலுரோனிக் ஃபில்லரைக் கரைக்கும் ஹயலுரோனிடேஸ் மருந்து அந்த க்ளினிக்கில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் 2024-இல் போலி மருந்தாலும் முறையற்ற ஊசியாலும் 11 மாநிலங்களில் 22 பெண்கள் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. அவர்களில் 11 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். எல்லோருமே வீடு, ஸ்பா போன்ற இடங்களிலோ உரிமம் இல்லாதவர்களிடமோ ஊசி போட்டுக்கொண்டவர்கள்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், மையஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்பு-தசை நோய் உள்ளவர்கள், ஊசி போடும் இடத்தில் தொற்று உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

உட்காரும் முன் உங்கள் உரிமை

ஊசி போடுபவரின் பெயரையும் மருத்துவப் பதிவு எண்ணையும் கேளுங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பதிவு இல்லாமல் மருத்துவம் பார்ப்பது 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஓராண்டு வரை சிறைக்கோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கோ உரிய குற்றம்.

குப்பியைக் கையில் வாங்கிப் பாருங்கள். பிராண்டு, பேட்ச் எண், காலாவதி தேதி மூன்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போடாக்ஸ் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து. குப்பியின் அடியில் ஒட்டியிருக்கும் உலர்ந்த மருந்தை உப்புநீர் விட்டுக் கலக்கிய பின் 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். எனவே உங்கள் கண்ணெதிரே கலக்கச் சொல்லுங்கள். முன்பே நிரப்பி வைத்த சிரிஞ்சை ஏற்காதீர்கள்.

பலன், ஆபத்து, மாற்று வழி எல்லாவற்றையும் விளக்கிய பிறகே சம்மதம் வாங்க வேண்டும் என்று சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புரியாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பாதிப்பு வந்தால்

மூச்சுத் திணறலோ விழுங்குவதில் சிரமமோ இருந்தால் 108-ஐ அழையுங்கள். முகத்தைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். சிகிச்சை ஆவணங்களை எழுத்துமூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தந்தாக வேண்டும். பக்கவிளைவை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம்.

கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்பது 1995-இலேயே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த விஷயம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. ஆலோசனைக்கு 1915. மருத்துவர் மீதான புகாரை மருத்துவக் கவுன்சிலுக்கும், போலி மருத்துவர் மீதான புகாரை மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கும் காவல் நிலையத்துக்கும் அனுப்புங்கள்.

பெயர், பதிவு எண், குப்பி, பில். இந்த நான்கில் ஒன்றைக் காட்டத் தயங்கினாலும் நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். கொடுத்த முன்பணம் போனாலும் பரவாயில்லை.