பிணவாடைப் பயிற்சிப் பொருள்கள்: மோப்ப நாய் கற்பது எதனை?

மனித உடல் எச்சங்களைத் தேடும் மோப்ப நாய்க்குப் 'பிணம்' என்னும் கருத்தாக்கம் இல்லை. பயிற்சியில் எந்த வாடைக்கு வெகுமதி கிடைத்ததோ அந்த வாடையையே அது களத்திலும் தேடுகிறது. எனவே பயிற்சிப் பொருளின் தன்மையே நாய் தரும் அறிகுறியின் பொருளை வரையறுக்கிறது. காணாமற்போனவரைத் தேடும் குடும்பத்திற்கும், அவ்வறிகுறியைச் சான்றாக எடைபோடும் நீதிமன்றத்திற்கும் இது சிறிய செய்தியன்று.

பிணவாடை என்றவுடன் பெரிதும் சுட்டப்படுபவை புட்ரெசின், கடாவரின் என்னும் இரு சேர்மங்கள். பெர்லின் மருத்துவர் லுட்விக் பிரீகர் 1885இல் இவற்றை விவரித்தார். புரதம் சிதையும்போது ஆர்னிதினிலிருந்து முன்னதும் லைசினிலிருந்து பின்னதும் உருவாகின்றன. செயற்கைப் பயிற்சிக் கலவைகள் சில இவற்றை அடிப்படையாகக் கொண்டவை. அவை எளிதில் கிடைப்பன. தொற்று அச்சம் அற்றன. ஒவ்வொரு முறையும் ஒரே தன்மையுடையன. ஆயினும் இச்சேர்மங்கள் மனித உடலுக்கே உரியவை அல்ல. கெட்ட இறைச்சி, பழகிய பாலாடைக்கட்டி, ஏன், உயிருள்ளவரின் வாய்நாற்றத்திலும்கூட இவை உண்டு.

உண்மைப் பிணவாடையோ மிக விரிந்தது. அமெரிக்காவின் டென்னசியில் புதைக்கப்பட்ட உடல்களை ஆராய்ந்த அர்பாட் வாஸ் குழுவினர், 2008இல் வெளியிட்ட ஆய்வில் 478 ஆவியாகும் சேர்மங்களைப் பதிவுசெய்தனர். அதே ஆண்டில் வெளியான ஹாம்பர்க் ஆய்வு இன்னும் கூர்மையான வினாவை எழுப்புகிறது. இறந்து மூன்று மணி நேரத்திற்கு உட்பட்ட உடல்கள் பருத்திப் போர்வையில் சுற்றப்பட்டு, அவற்றின் அடியில் கம்பளத் துண்டுகள் வைக்கப்பட்டன. பத்து நிமிடங்கள் வைத்த துண்டுகளில் நாய்களின் துல்லியம் 98 விழுக்காடு. இரண்டே நிமிடங்கள் வைத்தவற்றில் 94 விழுக்காடு. அழுகல் வெளிப்படாத நிலையிலேயே நாய் இனங்காணும் வாடையை, அழுகலின் விளைபொருள்கள் இரண்டைக் கொண்டு மட்டும் விளக்க இயலாது. (பண்டைத் தமிழில் நறுமணத்தையும் சுட்டிய 'நாற்றம்' இன்று தீவாடையாகச் சுருங்கிவிட்டது; நாய்க்கு அத்தகைய பாகுபாடு இல்லை.)

இதனால் குருதி, எலும்பு, பல், நஞ்சுக்கொடி, உடல் கிடந்த இடத்து மண், உடல்மேல் வைத்தெடுத்த பருத்தித் துணி முதலிய இயற்கைப் பொருள்கள் பயன்படுகின்றன. இவற்றுள் ஒன்றே போதும் எனக் கருதுவது பிழை. காய்ந்த எலும்பின் வாடை வேறு, அழுகும் தசையின் வாடை வேறு. நஞ்சுக்கொடி எளிதில் கிடைப்பது உண்மை. ஆனால் அது முழு உடலின் சிதைவுக்கு ஈடாகாது. இப்பொருள்களைப் பெறவும் வைத்திருக்கவும் உள்ள சட்டக் கட்டுப்பாடுகள் நாட்டுக்கு நாடு மாறுபடுவதே செயற்கைக் கலவைகள் நீடிப்பதற்கு ஒரு காரணம்.

பொருள் சரியாக இருந்தும் பயிற்சி பிழைபடலாம். மாதிரியைத் தொட்ட கையுறையின் வாடையையோ புட்டியின் வாடையையோ நாய் கற்றுக்கொள்ளக்கூடும். ஆகவே அதே கையுறையும் வெற்றுப் புட்டியும் பன்றி இறைச்சியும் வெகுமதியற்ற பொருள்களாக வரிசையில் இடம்பெற வேண்டும். மாதிரி இருக்கும் இடம் நாயைக் கொண்டுசெல்பவருக்கும் தெரியக்கூடாது. சில முறை வரிசை முழுவதும் மாதிரி இன்றியே அமைய வேண்டும். அங்கு அறிகுறி தராமல் கடந்து செல்லும் நாய்க்கும் வெகுமதி உரியது.