பாதரசத்துக்குக் கணக்கு உண்டா, தெரியுமா?

கணக்குக் காட்டாமல் போனவரின் மாமனார், மருமகன், அக்காள் கணவர் வரை எவருமே ஊர்ச்சபை வாரியத்துக்கு நிற்க முடியாது! உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 920-ஐ ஒட்டி, கல்லில் வெட்டிய சட்டம் இது. பொன்னுக்கென்றே ஒரு வாரியம் வைத்திருந்த ஊர் அது. அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் இன்று ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் உலோகத்தில் ஓடுகின்றன. முலாம் பட்டறைகளின் பாதரசத்துக்கு யார் கணக்குக் காட்டுகிறார்கள்?

முலாம் பட்டறையில் பாதரசம் எங்கே வந்தது என்கிறீர்களா? ஒரு காலத்தில் முலாமே அதுதான்! தங்கத்தைப் பாதரசத்தில் குழைத்துச் செம்பில் பூசி நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவி நேரே பூசியவரின் நெஞ்சுக்குள் போகும். மின்முலாம் வந்த பிறகும் அது முழுசாக விடவில்லை. தகட்டின் எண்ணெய்ப் பிசுக்கு போக முக்கும் காஸ்டிக் சோடா, பாதரசக் கலத்தில் தயாரானதென்றால் கொஞ்சம் பாதரசமும் அதோடு வரும். (இந்திய ஆலைகள் மெம்பரேன் முறைக்கு மாறிவிட்டது பெரிய நிம்மதி.) உடைந்த டியூப்லைட், பழைய தெர்மாமீட்டர், மிதவை சுவிட்ச் இவையும் சேர்த்தி.

கொஞ்சம்தானே என்று விட முடியாது. ஆறு, ஏரியில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் வரம்பு. ஒரே ஒரு கிராம் பாதரசம் 1 லட்சம் லிட்டரை அந்த விளிம்புக்குக் கொண்டுபோய்விடும்! கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு காயலாங்கடையில் 2001 மார்ச்சில் அகப்பட்டதோ, தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு, 7.4 டன். அதை வெளியே கொண்டுவந்தது எந்தப் படிவமும் அல்ல. ஊர்க்காரர்களும் சூழல் ஆர்வலர்களும்தான்.

இன்னொன்று தெரியுமா? 1984-ல் போபாலில் விஷவாயு கசிந்து நம் ஜனங்கள் செத்தார்கள். அதைப் பார்த்துப் பதறி 1986-ல் சட்டம் போட்டது அமெரிக்கா! அங்கே ஆண்டுக்கு 10 பவுண்டுக்கு, அதாவது சுமார் நாலரைக் கிலோவுக்கு மேல் பாதரசம் புழங்கும் ஆலை, முலாம் ஆலை உட்பட, காற்றில் எவ்வளவு, நீரில் எவ்வளவு, குப்பையில் எவ்வளவு விட்டோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம்.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை 2018-ல் நாமும் ஏற்றோம். ஆலைகள் ஆண்டுதோறும் செப்டம்பர் 30-க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் படிவம் 5 தாக்கல் செய்யவும் வேண்டும். ஆனால் அவற்றையெல்லாம் தொகுத்து, எந்த ஊரில் எந்த ஆலை எவ்வளவு விட்டது என்று மக்கள் பார்க்கும் பட்டியல் இந்தியாவில் இல்லை. அது வந்தே ஆக வேண்டும். அதுவரை, உங்கள் ஏரிக்கு மேற்புறம் முலாம் ஆலை இருக்கிறதா? அதன் படிவம் 5 நகலைக் கேட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி, 10 ரூபாய்க்குக் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டிப் போடுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்!