தாயும் மருந்தும் – 7: உறையில் வரும் குளிசைகள்

கரு கலைந்து, வார்ட்டில் இரண்டொரு நாள் இருந்து, துண்டு வெட்டி வீட்டுக்குப் புறப்படும் பெண்ணின் கையில் மூன்று நான்கு சின்னக் கடதாசி உறைகள் இருக்கும். மேலே பேனையால் குளிசையின் பெயர் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பக்கத்தில் ‘பிடி’ அல்லது ‘ரிடிஎஸ்’. முன்னது நாளைக்கு இரண்டு வேளை, பின்னது மூன்று வேளை. வைத்தியருக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் வரும் என்றால் விளக்கமும் அந்த எழுத்தோடு நின்றுவிடும். வன்னியில் இது புதினமில்லை.

முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதிக்குக் குரோமோசோம் கோளாறே காரணம், ஏறிய பஸ்ஸையும் தூக்கிய தண்ணீர்க் குடத்தையும் குறை சொல்ல வேண்டியதில்லை என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் உறைகளைப் பிரிப்போம்.

உறைக்குள் வராமல், பெரும்பாலும் வார்ட்டிலேயே கொடுபட்டுவிடும் மருந்து மிசோப்ரொஸ்டோல். கருப்பையைச் சுருங்கவைத்து, உள்ளே தங்கியதை வெளியேற்றும். இது முதலில் வயிற்றுப்புண்ணுக்கு வந்த குளிசை. கர்ப்பிணிகள் எடுக்கவே கூடாது என்று அதன் பெட்டித் தாளில் எச்சரிக்கை இருக்கும். போனில் தேடிப் படிக்கும் கணவர் பதறிப்போவார். கருப்பையைச் சுருக்கும் என்பதால்தான் அந்த எச்சரிக்கை; கரு கலைந்தவளுக்கு வேண்டியதும் அதே சுருக்கம்தான். முழுதாக வெளியேறாத கருச்சிதைவுக்கான மருந்தாக 2009இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தன் அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்தது. கொடுத்த அன்று நடுக்கமும் காய்ச்சலும் வயிற்றோட்டமும் வரலாம். ஒரு நாள் கழிந்தும் காய்ச்சல் விடவில்லை என்றால் அதைக் குளிசையின் தலையில் போடக்கூடாது. கிருமி தொற்றியிருக்கலாம்.

உறைகளில் அதிகம் குழப்புபவை அன்ரிபயோட்டிக்கும் இரும்புச்சத்தும். கருப்பையைக் கழுவியவர்களுக்கு டொக்சிசைக்கிளினும் மெற்றோனிடசோலும் கொடுபடுவதுண்டு. மெற்றோனிடசோல் வாயில் உலோகச் சுவையைத் தரும். சலம் கடுமஞ்சளாகவோ மண்ணிறமாகவோ போகலாம். இரண்டுக்கும் பயப்பட வேண்டாம். டொக்சிசைக்கிளினை ஒரு கோப்பை தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். அது முடியும்வரை வயல் வெயிலும் ஆகாது, தோல் எரிந்துவிடும். இரும்புக் குளிசையையும் இதையும் ஒன்றாக விழுங்கினால் இரண்டும் வயிற்றுக்குள் பிணைந்துகொள்ளும், உடம்பில் சேராது. இரண்டு மூன்று மணித்தியாலம் இடைவெளி விட வேண்டும். இரும்புக் குளிசையைப் பிளேன்டீயோடு குடிப்பதும் வீண். தேசிக்காய்த் தண்ணீரோடு குடித்தால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும், அது இரும்பின் நிறம்.

கழுவும் எல்லோருக்கும் அன்ரிபயோட்டிக் வேண்டுமா என்ற கேள்வி உலகெங்கும் உண்டு. மலாவி, பாகிஸ்தான், தன்சானியா, உகண்டா ஆகிய நாடுகளில் 3,412 பெண்களிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. சத்திரசிகிச்சைக்கு முன் ஒருமுறை மருந்து கொடுத்தவர்களில் 4.1 வீதத்தினருக்கும், கொடுக்காதவர்களில் 5.3 வீதத்தினருக்கும் தொற்று ஏற்பட்டது. உறுதியான முடிவு சொல்ல அந்த வித்தியாசம் போதவில்லை. ஆனாலும் கையில் தந்த குளிசையை நாமே பாதியில் நிறுத்த இது சாட்டாகாது.

நோவுக்குப் பனடோலும் மெபனமிக் அசிட்டும். பின்னது சாப்பாட்டுக்குப் பிறகுதான். வயிற்றுப்புண், முட்டு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பனடோல் நாளைக்கு எட்டுக் குளிசையைத் தாண்டக்கூடாது.

நாலைந்து மாதத்தில் கலைந்தவர்களுக்குப் பால் சுரந்துவிடும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பது பெரிய குறை. பால் வற்றக் கபர்கோலின் என்ற குளிசை உண்டு. பிரஷர் உள்ளவர்களுக்குப் பொதுவாக அது கொடுபடாது.

இரத்தம் ஒன்றிரண்டு கிழமை கொஞ்சம் கொஞ்சமாகப் போவது வழமை. மணித்தியாலத்துக்கு இரண்டு தடித்த பாட் முழுக்க நனைந்து, அப்படியே இரண்டு மணித்தியாலம் போனால், அல்லது கெட்ட வாடை, காய்ச்சல், மயக்கம் வந்தால், விடியும்வரை பார்த்திருக்கக்கூடாது. கொக்கிளாயிலோ துணுக்காயிலோ இரவில் பஸ் கிடையாது. 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசம். தாயின் உயிரைக் காக்க அன்றிக் கருக்கலைப்பைக் குற்றமாக்கும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைக்குப் பயந்து வீட்டில் கிடப்பவர்களும் உண்டு. கரு எப்படிக் கலைந்திருந்தாலும் இரத்தப்போக்குக்கு அரச வைத்தியசாலையில் வைத்தியம் உண்டு.

இனி, எந்த உறையிலும் இல்லாத மருந்து. இலங்கையில் நூறு பேரில் ஐந்து பேரளவில் ஆர்எச் நெகட்டிவ் இரத்தம் கொண்டவர்கள். அப்படிப்பட்ட தாயின் வயிற்றில் பொசிட்டிவ் கரு இருந்து, அதன் இரத்தம் தாயோடு கலந்தால், அவள் உடம்பு எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்ளும். அது அடுத்த குழந்தையின் இரத்த அணுக்களை அழிக்கும். இதைத் தடுப்பது அன்ரி-டி ஊசி. 72 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். கழுவியிருந்தாலோ, 12 வாரம் கடந்து கலைந்திருந்தாலோ இது அவசியம். 12 வாரத்துக்கு முன் தானாகவே முழுதாகக் கலைந்தவர்களுக்குப் பல நாடுகளின் வழிகாட்டிகள் தேவையில்லை என்கின்றன. எது பொருந்தும் என்பதை வைத்தியர் முடிவு செய்வார். இந்த ஊசி கொடையாளர்களின் இரத்தத் திரவத்திலிருந்து வருவது. அவுஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹரிசன் 81 வயது வரை 1,173 தடவை கொடுத்தார். 2025 பெப்ரவரியில், 88ஆவது வயதில் காலமானார். அவர் கொடுத்தது 24 இலட்சம் குழந்தைகளைக் காத்ததாக அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் கணக்கிடுகிறது.

குடும்பநல உத்தியோகத்தர் தந்த கர்ப்பிணி அட்டையில் இரத்த வகை எழுதிய இடத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நெகட்டிவ் என்று இருந்து, கரு கலைந்துபோனால், வார்ட்டை விட்டு வெளிக்கிட முன் கேளுங்கள்: “மிஸ், எனக்கு அன்ரி-டி போட்டாச்சா?”