பூச்சியின் நிறமும் ஒரு துணைவினையும்

"சுற்றுச்சூழல் மாறியதால் பூச்சி தன் நிறத்தை மாற்றிக்கொண்டது" என்று மாணவர் விடைத்தாளில் எழுதுவதுண்டு. இத்தொடரில் இலக்கணப் பிழை இல்லை, அறிவியற்பிழை உண்டு. 'கொள்' என்னும் துணைவினை, வினையின் பயன் வினைமுதலையே சாரும் என்று சுட்டும். 'சமைத்துக்கொண்டான்' என்றால் தனக்காகச் சமைத்தான் என்பது பொருள். அவ்வாறே 'மாற்றிக்கொண்டது' என்றதும், பூச்சி தன் நலம் கருதித் தானே நிறம் மாறியது என்னும் எண்ணம் எழுந்துவிடுகிறது. நடந்தது அதுவன்று.

ரவாங்கை அடுத்த பத்து ஆராங் என்னும் ஊர்ப்பெயருக்கு மலாய் மொழியில் நிலக்கரி என்பதே பொருள். 1915 முதல் 1960 வரை அங்கு நிலக்கரி வெட்டப்பட்டது. நிலக்கரி என்னும் எரிபொருள்தான் இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் எரிந்து, இயற்கைத் தேர்வுக்கு உலகறிந்த சான்றொன்றைத் தந்தது.

அங்குள்ள மிளகுப்புள்ளி அந்துப்பூச்சி பகலில் மரங்களில் அசையாது தங்கும். வெண்ணிறத்தில் கரும்புள்ளி தூவிய அதன் சிறகுகள் வெளிறிய மரப்பாசியோடு ஒன்றித் தோன்றுவதால் பறவைகளின் கண்ணுக்குத் தப்பும். ஆலைப்புகையோ மரப்பாசியை அழித்து, மரப்பட்டைகளைக் கரியாக்கியது. 1848இல் மான்செஸ்டரில் கரிய வகைப் பூச்சி ஒன்று பிடிபட்டது. 1895இல் அவ்வட்டாரத்தில் நூற்றுக்கு 98 பூச்சிகள் கரியவை.

தனிப்பூச்சி எதுவும் வெள்ளையிலிருந்து கறுப்பாகவில்லை. மரபணுவில் நேர்ந்த திடீர்மாற்றத்தால் சில பூச்சிகள் கரியனவாகவே தோன்றின. அம்மாற்றம் 1819ஐ ஒட்டி நிகழ்ந்திருக்கலாம் என 2016இல் ஆய்வாளர் கணித்தனர். புகை படிந்த மரங்களில் வெண்பூச்சிகள் பறவைகளுக்கு எளிதில் இரையாயின. கரியவை மிகுதியாக எஞ்சி இனம் பெருக்கின. தலைமுறைதோறும் மாறியது விகிதமே. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்து புகை குறைந்தபின், வெண்பூச்சிகள் மீண்டும் பெருகின. 2001 முதல் 2007 வரை கேம்பிரிட்ஜில் மைக்கேல் மஜெரஸ் நடத்திய ஆய்வில், தூய சூழலில் கரியவற்றையே பறவைகள் மிகுதியாகத் தின்றது உறுதியாயிற்று. 'தேர்வு' என்கிறோம், ஆனால் தேர்ந்தெடுப்போர் எவரும் அங்கில்லை.

இச்சொல்வேறுபாடு விடைத்தாளோடு முடிவதன்று. கோல சிலாங்கூரின் கம்போங் குவாந்தானில், ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒருசேர ஒளிர்ந்து இணைதேடுகின்றன. அவற்றின் புழுக்கள் கரையின் ஈரமண்ணில் நத்தைகளைத் தின்று வளர்கின்றன. கரை அழிக்கப்பட்டு விளக்கொளியும் பெருகினால், 'அவை தம்மை மாற்றிக்கொள்ளும்' என்று நாம் ஆறுதல் அடைய இயலாது. இனத்துள் முன்னரே உள்ள வேறுபாட்டின்மீதே தேர்வு செயற்படும். ஏற்ற வேறுபாடு இல்லையெனில் அவ்வினம் அருகி அழியும். அந்துப்பூச்சிக்கு வாய்த்தது எல்லா உயிர்க்கும் வாய்ப்பதில்லை.

ஆகவே, 'பூச்சி நிறத்தை மாற்றிக்கொண்டது' என்னும் விடையைக் காணும்போது, 'பூச்சிக் கூட்டத்தில் கரியவற்றின் விகிதம் உயர்ந்தது' என்று ஆசிரியர் திருத்துதல் வேண்டும்.